அழுகையை ஆயுதமாக்கிய குரல்

அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள் எழுதப் படிக்கக் கற்பதைப் பல தென்மாநிலங்களில் சட்டமே தடுத்தது. விற்கப்பட்ட பிள்ளைக்காகவும் அடிபட்டுச் செத்த உறவுக்காகவும் அழ, அவர்களுக்குப் பாட்டுதான் மிஞ்சியது. அறிஞர் டு பாய்ஸ் 1903-ல் அவற்றைத் துயரப் பாடல்கள் என்றே குறிப்பிட்டார். அந்த அழுகையை உலக மேடையில் ஏற்றியவர் பால் ராப்சன்.

1898 ஏப்ரல் 9 அன்று நியூஜெர்சி மாநிலம் பிரின்ஸ்டனில் பிறந்தார். தந்தை அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து போதகரானவர். ராப்சன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில், கறுப்பர் சொல்லி எழுத மாட்டேன் என்று வெள்ளைக்காரச் சுருக்கெழுத்தர் மறுத்தார். ராப்சன் அந்தத் தொழிலையே உதறினார்.

1925-ல் நியூயார்க்கில், லாரன்ஸ் பிரவுன் பியானோ வாசிக்க, தம் மக்களின் பாடல்களை மட்டுமே பாடி ஒரு முழுக் கச்சேரி நடத்தினார். அரங்கம் அதிர்ந்தது. பின்னாளில், தமக்குப் பெரும்புகழ் தந்த மிசிசிப்பி ஆற்றுப் பாட்டில், சலித்துப் புலம்பும் வரியை மாற்றி, சாகும்வரை போராடும் உறுதியை வைத்துப் பாடினார்.

பாட்டைக் கேட்டுக் கைதட்டியவர்கள், அதன் காரணத்தைச் சொன்னபோது முகம் சுளித்தார்கள். கறுப்பர்களைக் கும்பலாகக் கூடிக் கொல்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1946-ல் குடியரசுத் தலைவர் ட்ரூமனை நேரில் சந்தித்துக் கேட்டார். 1950-ல் அவருடைய பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. கச்சேரி மேடைகள் மூடப்பட்டன. ஆனாலும் அடுத்த ஆண்டே, கறுப்பின மக்கள் மீது நடப்பது இனப்படுகொலை என்ற மனுவை நியூயார்க்கில் ஐ.நா. அலுவலகத்தில் கொடுத்தார்.

1952-ல் கனடா எல்லையில் ஒரு லாரியின் மேல் நின்று பாடினார். எல்லையின் இருபுறமும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு கேட்டார்கள். 1957-ல் தொலைபேசிக் கம்பி வழியாக வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாடினார். 1958-ல் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. 1976 ஜனவரி 23 அன்று பிலடெல்ஃபியாவில் மறைந்தார்.

ஒடுக்கப்பட்டோரின் அழுகையைக் கலை என்று ரசிப்பவர்கள் எங்கும் உண்டு. யார் அழவைத்தார்கள் என்று கேட்டால்தான் அவர்களுக்குக் கோபம் வருகிறது. ராப்சன் பாடவும் செய்தார், கேட்கவும் செய்தார். நாம் அவரிடம் கற்க வேண்டியது அந்த இரண்டாவதைத்தான்.