காவலூர் தந்த பெருங்கண்: வைணு பாப்பு

பங்குனி இரவுகளில் எங்கள் கருவேப்பிலங்குறிச்சி வயல்வெளியில் அண்ணாந்து பார்த்தால் சிம்மம் தலைக்கு நேரே நிற்கும். அதன் பின்னங்காலருகே மூன்று விண்மீன் மண்டலங்கள் ஒரு குடும்பமாய் உள்ளன. தொலைவு ஏறத்தாழ 3.5 கோடி ஒளியாண்டு. மூன்றும் சுருள் இனமே. ஆயினும் தோற்றம் வேறு வேறு. ஒன்று சீராகச் சுருண்டது. இன்னொன்று அண்டை வீட்டாரின் ஈர்ப்பால் கைகள் கோணியது. மூன்றாவது விளிம்பை நமக்குக் காட்டுவதால், நடுவே கரிய தூசிப்பட்டை ஓடும் மெல்லிய கீற்று. முதல் இரண்டும் 1780இல் மெசியேயின் பட்டியலில் ஏறிவிட்டன. மங்கலான மூன்றாவதை 1784இல் பெரிய குழியாடி வைத்திருந்த ஹெர்ஷல்தான் கண்டார். நானும் ஒரு சிறு தொலைநோக்கியில் தேடினேன். இரண்டு வெண்புகைப் பொட்டுகளே தெரிந்தன.

ஆடி பெரிதானாலன்றி மங்கலான ஒளி அகப்படாது. நம் நாட்டில் அத்தகைய ஆடிக்காகப் பாடுபட்டவர் வைணு பாப்பு.

1927 ஆகஸ்ட் 10இல் சென்னையில் பிறந்தார். தந்தை ஐதராபாத் நிஜாமியா வான் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். எனவே தொலைநோக்கி அவருக்கு வீட்டுப் பொருள் போல. (எங்கள் வீட்டில் அந்த இடம் குயவன் சக்கரத்துக்கு.) ஹார்வர்டில் பயின்றபோது, 1949இல், புகைப்படத் தகட்டில் ஒரு புதிய வால்மீனைக் கண்டார். வயது இருபத்தொன்று. என்னைவிட ஓராண்டே மூத்தவர் என்று எண்ணிய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1957இல் வில்சனுடன் சேர்ந்து, கால்சியக் கோட்டின் அகலத்திலிருந்து விண்மீனின் உண்மையான ஒளிர்வைக் கணிக்கும் முறையை வெளியிட்டார்.

1960இல் கொடைக்கானல் நிலையத்தின் இயக்குநரானார். அது சூரியனுக்கான இடம். இரவு வானுக்காக அவர் தேடித் தேர்ந்தது ஜவ்வாது மலைக் காவலூர். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கியது. 1972இல் ஜெர்மனியிலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்நாட்டிலேயே உருவாக்கத் துணிந்தார். அதன் ஆடி வெப்பத்தில் ஏறக்குறைய விரியவே விரியாத ஒருவகைக் கண்ணாடிப் பீங்கான். சூளையில் மண் சுருங்குவதையும் விரிசல் விடுவதையும் நாளும் காணும் விருத்தாசலத்தார்க்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. அந்த ஆடியைத் தேய்த்து வடிவம் தந்தது பெங்களூரில், நம்மவர் கைகள்.

1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். 1982 ஆகஸ்ட் 19இல், 55ஆம் வயதில், மூனிக் நகரில் காலமானார். தொலைநோக்கி அப்போது முடியவில்லை. 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து அதற்கு அவர் பெயரைச் சூட்டினார்.