ரன் முடிந்தது, விடை தப்பு: சூரியனுக்காக ஒரு கணக்கைச் சரிசெய்த சந்திரசேகர்

அந்தமானின் பத்துபஸ்தியில் கோடையில் காலை 5 மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். அந்த வெளிச்சம் சூரியனைவிட்டுக் கிளம்பும் இடத்தில், அதை உறிஞ்சித் தடுப்பதில் பெரும்பங்கு ஹைட்ரஜன் எதிர்மின் அயனிக்குத்தான். ஒரு புரோட்டான், இரண்டு எலெக்ட்ரான், அவ்வளவுதான்.

இதே அயனியை பைஎஸ்சிஎஃப், சை4 மாதிரியான ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில், ஹார்ட்ரீ-ஃபாக் என்ற அடிப்படை முறையில் போட்டுப் பாருங்கள். எரர் எதுவும் வராமல் ரன் முடியும். ஆனால் இப்படியொரு அயனி நிலைக்காது என்று விடை வரும்! இந்தச் சிக்கலுக்கு 1944-லேயே ஓர் எளிய வழி காட்டியவர் சுப்ரமணியன் சந்திரசேகர்.

யார் இவர்?

1910 அக்டோபர் 19-ல் லாகூரில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. சித்தப்பா சர் சி.வி.ராமன். படிப்பு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, வெண்குறு விண்மீனின் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கணக்குப் போட்டார். 1935-ல் லண்டனில், பெரிய வானியலாளர் எடிங்டன் அதைச் சபையிலேயே கேலி செய்தார். சந்திரசேகர் சண்டைக்கு நிற்கவில்லை. 1937-ல் அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் சேர்ந்து, வேறு துறைக்கு நகர்ந்தார்.

கணக்கு எங்கே உடைந்தது?

சூரியனின் வெளிச்சத்தை இந்த அயனிதான் தடுக்கிறது என்று 1939-ல் ரூபர்ட் வில்ட் சொன்னார். அதைச் சரிபார்க்க அயனியின் எலெக்ட்ரான் அமைப்பு தெரிய வேண்டும்.

இரண்டு எலெக்ட்ரானும் கருவைச் சுற்றி ஒரே மாதிரி பரவியிருக்கின்றன என்று வைத்தால், ஆற்றல் −0.4727 ஹார்ட்ரீ. தனி ஹைட்ரஜன் அணுவுக்கோ −0.5. ஆற்றல் குறைந்தால்தான் நிலைப்பு. அப்படியானால் இரண்டாவது எலெக்ட்ரான் ஓடிவிட வேண்டும். ஒரே ஆர்பிட்டலில் இரண்டையும் வைக்கும் ஹார்ட்ரீ-ஃபாக் முறையை எவ்வளவு தீட்டினாலும் −0.4879-ஐத் தாண்டாது.

அயனி நிலையானது என்று பேத்தேயும் ஹில்லராஸும் 1930-வாக்கிலேயே காட்டிவிட்டார்கள். சந்திரசேகர் செய்தது எளிமையானது: ஒவ்வொரு எலெக்ட்ரானுக்கும் தனித்தனி அளவு கொடுத்தார். ஒன்று கருவை ஒட்டி, மற்றொன்று தள்ளி. உடனே விடை −0.5133. அயனி நிலைத்தது! (துல்லிய மதிப்பு −0.5278.) 1946-ல் ஃபிரான்சஸ் பிரீனுடன் சேர்ந்து, அது எவ்வளவு வெளிச்சத்தை உறிஞ்சும் என்றும் கணக்கிட்டார்.

நமக்கு என்ன?

எதிர்மின் அயனிகள் வரும் வேதிவினையை மாடல் பண்ணும்போது இதே பள்ளம் காத்திருக்கிறது. வினைபொருளின் ஆற்றல் தப்பானால், வினைக்கான தடையாற்றலும் தப்பாகும். மூன்று விஷயங்களைப் பாருங்கள்:

• பேசிஸ் செட்டில் தூரம் வரை பரவும் டிஃப்யூஸ் ஃபங்ஷன் இருக்கிறதா?

• எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்ப்பதைக் கணக்கில் எடுக்கும் முறையா?

• எலெக்ட்ரானைக் கழற்றிய அணுவின் ஆற்றலை அதே முறையில் கணக்கிட்டு ஒப்பிட்டீர்களா?

ரன் முடிந்தது என்றால், மென்பொருள் தன் அனுமானத்துக்குள் ஒரு விடையைக் கண்டது என்றுதான் அர்த்தம். அனுமானம் சரியா என்று பார்ப்பது நம் வேலை.

எடிங்டன் கேலி செய்த கணக்கும் கடைசியில் நின்றது. நட்சத்திர ஆய்வுகளுக்காக 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் வந்தது. 1995 ஆகஸ்ட் 21-ல் சிகாகோவில் காலமானார்.