எரிந்த யுரேனியத்தில் எரிபொருள் தேடிய ஹோமி பாபா... அவர் போட்ட கணக்கு என்ன?

அணு உலையில் எரிந்து முடிந்த யுரேனியத்தை என்ன செய்வது? கழிவுன்னு சொல்லிப் புதைச்சிடலாம். இல்லைன்னா அமிலத்தில் கரைத்து, மறுபடியும் எரிபொருள் எடுக்கலாம். இந்தியா இரண்டாவது வழியில் போனதற்கு முக்கியக் காரணம், ஹோமி ஜஹாங்கீர் பாபா.

யார் இவர்?

1909 அக்டோபர் 30-ல் மும்பையில் வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தவர். இன்ஜினீயராகட்டும்னு குடும்பம் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. அவர் மனசோ இயற்பியலில் இருந்தது. 1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்தபோது உலகப் போர் மூண்டதால், திரும்பிப் போகாமல் பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1948-ல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார்.

மூன்று கட்டத் திட்டம்

இந்தியாவிடம் யுரேனியம் குறைவு, தோரியம் ஏராளம். கேரளா, மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே அது இருக்கிறது. ஆனா, தோரியம் நேரடியா எரியாது. அதனால் பாபா போட்ட கணக்கு இதுதான்: முதலில் யுரேனிய உலை, அதில் உருவாகும் புளூட்டோனியத்தை வைத்து வேக ஈனுலை, கடைசியில் தோரியம்.

இந்தக் கட்டங்களை இணைக்கும் பாலம் வேதியியல். எரிந்த கம்பிகளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, டிரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த எண்ணெயுடன் கலக்குவார்கள். யுரேனியமும் புளூட்டோனியமும் எண்ணெய்க்கு மாறும். கடும் கதிரியக்கக் கழிவு அமிலத்திலேயே தங்கிவிடும். இதுதான் 'பியூரெக்ஸ்' முறை. வேதிப் பொறியாளர் ஹோமி சேத்னா தலைமையில் டிராம்பேயில் உருவான இந்த ஆலையை, 1965 ஜனவரியில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திறந்து வைத்தார்.

சிக்கல் எங்கே?

பிரித்தெடுத்த புளூட்டோனியம் மின்சாரத்துக்கும் உதவும், குண்டுக்கும் உதவும். 1955-ல் ஜெனீவாவில் ஆக்கப்பூர்வ அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் பாபா. 1974 பொக்ரான் சோதனைக்குப் போனதோ டிராம்பே ஆலையின் புளூட்டோனியம். அதைப் பார்க்க அவர் இல்லை. 1966 ஜனவரி 24-ல் மோன் பிளாங் மலையில் ஏர் இந்தியா விமானம் மோதி, அவர் உட்பட அதிலிருந்த 117 பேரும் இறந்தனர்.

இப்போ நிலைமை என்ன?

தோரியக் கட்டம் இன்னும் வரவில்லை. கல்பாக்கத்தில் 'காமினி' என்ற சிறிய ஆய்வு உலை, தோரியத்திலிருந்து கிடைத்த யுரேனியம்-233-ல் இயங்கியது. அதன் திறன் வெறும் 30 கிலோவாட். ஒரு காரணம் மறுபடியும் வேதியியல்தான். தோரியம் ஆக்சைடு அமிலத்தில் லேசில் கரையாது. யுரேனியம்-233 உடன் சேர்ந்தே உருவாகும் யுரேனியம்-232, கடும் காமா கதிர்வீச்சுக்குக் காரணமாகிறது. கனமான தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருந்து, இயந்திரக் கைகளால்தான் கையாள முடியும்.

மணலில் தோரியம் தயாரா இருக்கு. அதைக் குறைந்த செலவில், பாதுகாப்பா பிரிச்செடுக்கும் வழி கிடைத்தால்தான் பாபாவின் கணக்கு முடியும்.