ரோசாப்பூ துரை: மதுரைக்கு வந்த பாரிஸ்டர்



நம்ம உசிலம்பட்டிப் பக்கம் ஆம்பளைகளுக்கு ரோசாப்பூன்னு பேர் வச்சிருப்பாங்க. ஆம்பளைக்கு எதுக்குப் பூப் பேருன்னு வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. அது ஒரு வக்கீலோட ஞாபகமா வச்ச பேர். மதுரை யானைக்கல்லில் சிலையாக நிற்கிறாரே பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், அவரைத்தான் நம்ம சனங்க ரோசாப்பூ துரைன்னு கூப்பிட்டாங்க. வக்கீலுக்குப் படிச்சுட்டு, அந்தப் படிப்பை யாருக்குப் பயன்படுத்தினார் என்பதுதான் அவர் வாழ்க்கை. அதை நம்ம மலரில் எழுதணும்னு தோணுச்சு.

அவர் நம்ம ஊர்க்காரர் இல்லை. கேரளாவில் செங்கன்னூரில் 1887 ஜூன் 5-ஆம் தேதி பிறந்தவர். தாய்மொழி மலையாளம். வீட்டுக்கு மூத்த பிள்ளை. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படிச்சார். பிறகு கப்பலேறி சீமைக்குப் போய் எடின்பரோவில் எம்.ஏ. முடிச்சார். லண்டனில் மிடில் டெம்பிள் என்ற இடத்தில் சட்டம் படிச்சு 1908-இல் தேறினார். அந்தக் காலத்தில் இங்கேயே பி.எல். படிச்சும் வக்கீலாகலாம். ஆனால் சீமையில் படிச்ச பாரிஸ்டருக்கு மவுசு தனி.

1909 ஜனவரியில் ஊர் திரும்பினார். முதலில் தொழில் தொடங்கினது சென்னையில். ஐகோர்ட் இருக்கிற ஊர், பெரிய கட்சிக்காரர்கள் இருக்கிற ஊர். பாரிஸ்டர் பட்டத்தோட வந்தவர் அங்கேயே தங்கியிருக்கலாம். அவர் மதுரைக்கு வந்துவிட்டார். மனைவி சூசன்னாவோட இங்கேயே குடும்பம் நடத்தினார்.

மதுரையில் நல்லா சம்பாதிச்சார். ஆனால் கோர்ட்டோட நிற்கலை. 1918-இல் ஹார்வி மில் தொழிலாளிகளுக்குச் சங்கம் அமைக்கப் பாடுபட்டார். அந்தச் சங்கத்தால் கூலி கூடுச்சு, வேலை நேரம் குறைஞ்சது.

அப்புறம் 1920-இல் காந்தி ஒத்துழையாமை இயக்கம் தொடங்கி, வக்கீல்கள் கோர்ட்டை விட்டு வெளியே வரணும்னு கேட்டார். ஜோசப் நல்லா ஓடிக்கிட்டிருந்த தொழிலை விட்டுட்டார். வீட்டில் சம்பாத்தியம் நின்னா அடுப்படியில் என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாதா? அலகாபாத்துக்குப் போய் மோதிலால் நேருவோட பத்திரிகையை நடத்தினார். ராஜத்துரோகம்னு பிடிச்சு ஜெயிலில் போட்டாங்க. ஜவாஹர்லால் நேருவும் அவரும் ஒரே ஜெயிலில் இருந்தாங்க. 1924-இல் வைக்கம் போராட்டத்திலும் கைதானார். பிறகு மதுரைக்கே திரும்பி, மறுபடி கருப்புக் கோட்டைப் போட்டார்.

அந்தக் கோட்டு நம்ம சனங்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டதுன்னு இப்ப உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்ப குற்றப் பரம்பரைச் சட்டம்னு ஒண்ணு இருந்தது. தப்பு செஞ்சவனைத் தண்டிக்கிற சட்டம் இல்லை அது. பிறந்த சாதியையே குத்தவாளி ஆக்கின சட்டம். பிறமலைக் கள்ளர் ஆம்பளைகளிடம் கைரேகை எடுத்தாங்க. ராத்திரி ஆனா போலீஸ் காவலில் போய்ப் படுக்கணும். புது மாப்பிள்ளைக்கும் அதே கதி. பொண்டாட்டி பிள்ளைகள் வீட்டில் தனியாகக் கிடக்கணும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேணும். கைரேகை வைக்க மாட்டோம்னு நின்ன பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தாங்க. அதில் மாயக்காள் என்ற பொம்பளையும் ஒருத்தி.

அந்தச் சட்டத்தை எதிர்த்து ஜோசப் கோர்ட்டில் வாதாடினார், பத்திரிகைகளில் எழுதினார். அவர் அந்தச் சாதியும் இல்லை, நம்ம சாமியைக் கும்பிடுறவரும் இல்லை. சட்டம் தெரிஞ்ச ஒரு ஆள் நம்ம பக்கம் நிக்கிறார்ங்கிற தெம்பு சனங்களுக்கு வந்தது. 1933-இல் காமராஜர் மேல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கு போட்டப்போ, வரதராஜுலு நாயுடுவும் ஜோசப்பும்தான் அவருக்காக வாதாடி அது பொய் வழக்குன்னு காட்டினாங்க.

1937-இல் டெல்லி மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். ஆனால் 1938 மார்ச் 5-ஆம் தேதி, மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில், 50 வயசிலேயே இறந்துபோனார். குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம்ம மாகாணத்தில் எடுத்தது 1947-இல். அதை அவர் கண்ணால் பார்க்கலை. விதை போட்டவர் போய்விட்டார், அறுப்பு நமக்கு வந்தது.

சகோதரிகளே, இப்ப சட்டம் படிக்கக் கப்பலேற வேண்டாம். மதுரையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கு. பன்னிரண்டாவது முடிச்சா 5 வருசப் படிப்பு, டிகிரி முடிச்சா 3 வருசப் படிப்பு. அப்புறம் பார் கவுன்சிலில் பதியணும், அகில இந்திய பார் தேர்வு எழுதணும். ஐகோர்ட் கிளையும் 2004-லிருந்து மதுரையில் இருக்கு.

ஆனால் படிச்சு முடிச்ச பிள்ளைக்கு முன்னால ஜோசப்புக்கு வந்த அதே கேள்வி வரும். சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தா முதல் சில வருசம் கையில் பெருசா காசு நிக்காது. தேவையான வக்கீல் அனுபவம் வந்ததும் நீதிபதி தேர்வு எழுதலாம், கம்பெனி வேலைக்குப் போகலாம். எதுவும் தப்பில்லை. வீட்டு நிலைமையையும் பார்க்கத்தான் வேணும். ஆனால் சம்பளத்தை மட்டும் வச்சு நாமளே முடிவு பண்ணி, பொம்பளைப் பிள்ளைக்கு வக்கீல் வேலை எதுக்குன்னு வாயை அடைச்சிடக் கூடாது. ஜீவனாம்சம், சொத்துல பங்கு, அடிதடின்னு நம்ம பெண்கள் கோர்ட் வாசலில் நிக்கும்போது, நம்ம பேச்சு புரியுற ஒரு வக்கீல் எவ்வளவு பெரிய பலம்!

இன்னொண்ணும் ஞாபகம் வைங்க. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வக்கீல் வச்சுக்க இலவச சட்ட உதவி கேட்கிற உரிமை இருக்கு. தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். குழுவில் யாருக்காவது தேவைப்பட்டா, தனியா அனுப்பாம கூடவே ரெண்டு பேர் போங்க.