சுவைக்கும் கணக்கு எழுதியவர்

சில ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவில் பணிபுரியும் என் மகன் என்னைக் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றிருந்தான். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு கூடத்தில் ஒயின் சுவைத்துப் பார்க்கும் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. மது அருந்தும் பழக்கம் எனக்கில்லை. ஓரமாக அமர்ந்து கவனித்தேன். கோப்பையைச் சாய்த்து நிறம் பார்த்தார்கள், முகர்ந்தார்கள், ஒரு வாய் எடுத்து நாவில் உருட்டிவிட்டு உமிழ்ந்தார்கள். பிறகு இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எங்கே நிற்கிறது, வாயில் கனமாக இருக்கிறதா, விழுங்கிய பின் சுவை எத்தனை நேரம் தங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார்கள். அந்தச் சொற்களுக்கு ஏற்பப் புட்டியின் விலையும் மாறியது.

எனக்கு உத்தரமேரூர் ஏரிக்கரைப் பனைகள் நினைவுக்கு வந்தன. சிறுவயதில் விடியற்காலையில் பதநீர் வாங்கப் போவோம். பனையேறும் பெரியவர், எங்களுக்கு ஓலைப் பட்டையில் ஊற்றுவதற்கு முன்பு தாம் ஒரு மடக்கு குடித்துப் பார்ப்பார். சுண்ணாம்பு கூடிவிட்டது, கலயம் சரியாகக் காயவில்லை, இது மேட்டு நிலத்து மரம், இது கடைசிப் பாளை என்று அந்த ஒரு மடக்கிலேயே சொல்லிவிடுவார். நாபாவில் நான் கண்ட எந்த நாவுக்கும் அவர் நா குறைந்ததன்று. ஆனால், அவருடைய சொற்களுக்குச் சந்தையில் மதிப்பில்லை. நல்ல பதநீருக்கும் சுமாரான பதநீருக்கும் ஒரே விலைதான்.

ஒரு பொருளின் விலை எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்ற கேள்வியை வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த தமிழர் ஒருவர் உண்டு. அவர் ஜே.சி. குமரப்பா. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த நான், வகுப்பறையில் அவர் பெயரைச் சொன்ன நாள்கள் மிகக் குறைவு. ஓய்வுக்குப் பின்னரே அவரை நிதானமாகப் படித்தேன். இது ஒரு வகையில் காலந்தாழ்ந்த கடன் தீர்ப்பு.

1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, மும்பையில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கம், நேரந்தவறாமை என வாழ்ந்த மனிதர் அவர். 1927-இல் அமெரிக்கா சென்று சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியலும் படித்தார். அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமை குறித்து அவர் ஆற்றிய உரை நாளிதழில் வெளியானது. அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாக்கத் தூண்டினார். அரசின் வரியும் செலவும் மக்களை எப்படி ஏழைகளாக்குகின்றன என்று பேரேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, ஆங்கிலேய ஆட்சியின் மீது அவருக்கிருந்த நம்பிக்கை கரைந்தது.

அந்த ஆய்வை வெளியிடும் பொருட்டு 1929 மே 9-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். மரத்தடியில் நூற்றுக்கொண்டிருந்த முதியவர்தான் காந்தி என்பதை உணர அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆய்வு யங் இந்தியா இதழில் தொடராக வந்தது. எழுதியவர் குஜராத் வித்யாபீடத்தில் பேராசிரியரானார். கொர்னேலியஸ் என்ற பெயர் மறைந்து, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா நிலைத்தது.

காந்தி அவருக்குக் கொடுத்த முதல் பெரும்பணி, கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தின் பொருளாதார ஆய்வு. மாணவர்களை அழைத்துக்கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். உழவர் வீட்டு வரவு செலவு அவருடைய பேரேட்டில் ஏறியது அப்போதுதான். புள்ளிவிவரத்தைக் கிராமத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று இன்று நாம் சொல்வதை அவர் அன்றே செய்து காட்டினார்.

1934-இல் அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளராகப் பொறுப்பேற்று வார்தாவில் உள்ள மகன்வாடியில் தங்கினார். சங்கம் கையில் எடுத்தவை எல்லாம் அன்றாடம் நாம் உண்பவையும் பயன்படுத்துபவையும்தாம்: கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், தேன், கைக்காகிதம், பனைவெல்லம். இவற்றில் பனைவெல்லத்துக்குப் பின்னாலிருந்த கணக்கு, ஒரு பொருளியல் ஆசிரியனாக என்னை வியக்க வைக்கிறது.

கரும்புக்கு நல்ல நஞ்சை நிலமும் நிறைய நீரும் வேண்டும். பனை வரப்பிலும் ஏரிக்கரையிலும் தரிசிலும் தானே வளரும். சர்க்கரையைப் பனையிலிருந்து பெற்றால், கரும்பு நிலம் தானியத்துக்குக் கிடைக்கும். ஆலைக்குச் செல்லும் வருமானம் மரம் ஏறுபவருக்கும் காய்ச்சுபவருக்கும் போகும். இயற்கை வளங்களைக் குமரப்பா இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோல் போன்றவை எடுக்க எடுக்கத் தீரும் தேக்கம். காடு, ஆறு போன்றவை உரிய முறையில் எடுத்தால் ஓடிக்கொண்டே இருக்கும் பெருக்கு. மரத்தைக் கொல்லாமல் ஆண்டுதோறும் பாளையைச் சீவி எடுக்கும் பதநீரை விட அந்தப் பெருக்குக்குச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

சுவையின் பக்கமிருந்து பார்த்தாலும் பதநீர் ஒயினுக்கு இளைத்ததன்று. அதில் ஏறத்தாழ பத்து முதல் பன்னிரண்டு விழுக்காடு சர்க்கரை உண்டு. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நொதிகள் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். மேலும் விட்டால் காடியாகும். கலயத்தின் உள்ளே தடவும் சுண்ணாம்புதான் இந்த ஓட்டத்தைத் தடுக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பு தலைகாட்டும். மிகுந்தால் நாவில் காரம் ஏறும். இந்த நடுநிலையை அறியும் நா, பல ஆண்டுப் பயிற்சியால் வருவது. காய்ச்சும்போது பதம் பார்ப்பதும் அப்படியே. ஒரு நிமிடம் பிந்தினால் தீய்ந்த கசப்பு. முந்தினால் வெல்லம் இறுகாது.

காந்தியர் என்ற முறையில் குமரப்பா மதுவிலக்கை ஏற்றவர். கள் இறக்கிப் பிழைத்தவர்களுக்குப் பதநீரும் பனைவெல்லமும் மாற்று வாழ்வாதாரம் ஆக வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் நோக்கம். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது இந்தக் கேள்வி தமிழகத்தின் வாசலுக்கே வந்தது.

குமரப்பாவின் சிந்தனையில் என்னை மிகவும் சுட்டது, வாங்குபவரின் பொறுப்பைப் பற்றி அவர் கூறியது. ஒரு பொருளை வாங்கும்போது, அது எங்கே, யாரால், எந்த நிலையில் செய்யப்பட்டது என்பதற்கும் நாம் பொறுப்பாளி ஆகிறோம் என்று அவர் வாதிட்டார். அறியாமல் வாங்கினேன் என்பது விடையாகாது. அறிய முயல்வதும் கடமையே. கணக்குத் தணிக்கையாளர் ஒருவர் மனிதரின் அன்றாட நுகர்வைத் தணிக்கை செய்த விதம் இது.

தேசியத் திட்டக் குழுவில் இடம் கிடைத்தும், பெருந்தொழில் நாட்டம் ஒத்துவராததால் விலகினார். 1942 போராட்டத்தை ஒட்டிச் சிறை சென்றார். நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய நூல் ஜபல்பூர் சிறையில் எழுதப்பட்டது. அதற்கு முன்னுரை எழுதிய காந்தி, கிராமத் தொழில் முனைவர் என்ற பட்டத்தை அவருக்குத் தாமே சூட்டினார். பல்கலைக்கழகம் தந்த முனைவர் பட்டத்தை வைத்திருக்கும் எனக்கு, அதைப் படித்தபோது சற்றுக் கூச்சமாகவே இருந்தது. விடுதலைக்குப் பின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று 1949-இல் அறிக்கை அளித்தார். இறுதிக் காலத்தை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் எளிமையாகக் கழித்தார். காந்தி மறைந்த அதே ஜனவரி 30-ஆம் தேதி, 1960-இல் மறைந்தார்.

அவர் போன பிறகு பனைக்கு என்ன நேர்ந்தது? மரம் மாநில மரமாக இருக்கிறது, ஏறுபவர்கள் குறைந்துவிட்டார்கள். 1987 முதல் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது. பதநீர் இறக்குவோரும் அந்தச் சந்தேகப் பார்வைக்கு அவ்வப்போது ஆளாகிறார்கள். கருப்பட்டி என்ற பெயரில் வெள்ளைச் சர்க்கரை கலந்த கட்டிகள் விற்கப்படுவது எல்லோரும் அறிந்ததே. சென்ற ஆண்டு நானே ஒரு கடையில் அசல் என்று நம்பி வாங்கி ஏமாந்தேன். வீட்டில் கரைத்துப் பார்த்தபோதுதான் வெறும் இனிப்பு தெரிந்தது. பனையின் புகைமணமும் அடியில் நிற்கும் இலேசான உவர்ப்பும் இல்லை.

பொருளியலில் இதற்கு விளக்கம் உண்டு. தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில், மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970-இல் நிறுவினார். பின்னர் நோபல் பரிசும் பெற்றார். எட்டுப் பத்து லிட்டர் பதநீரை விறகு வைத்துக் காய்ச்சி ஒரு கிலோ வெல்லம் எடுப்பவர், சர்க்கரைப் பாகை அச்சில் ஊற்றுபவரோடு விலையில் எப்படிப் போட்டியிட முடியும்?

ஒயினுக்கும் ஒரு காலத்தில் இந்தச் சிக்கல் இருந்தது. 1855 பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களைத் தரகர்கள் தரம்பிரித்தபோது, அவர்கள் பெரிதும் நம்பியது சந்தை விலையையே. 1984-இல் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள், மணங்களை வகைப்படுத்தி ஒரு சக்கரமாக வரைந்தார். பழம், பூ, மசாலா, மண், மரம் என்று எவரும் பேசக்கூடிய பொதுமொழி அதனால் கிடைத்தது. சொல் கிடைத்தால் தரத்தைக் கேட்டு வாங்கலாம். கேட்டு வாங்கினால் உழைத்தவருக்கு விலை கிடைக்கும்.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல தொடக்கம். ஆனால், குறியீடு ஊரைச் சொல்லும்; சுவையைச் சொல்லாது. எங்கள் உத்தரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. பொன்னுக்கு ஒரு வாரியம் அமைத்த ஊருக்கு, வெல்லத்தின் தரம் பார்க்க ஒரு குழு அமைப்பது முடியாத காரியமா? பனையேறிகளின் சொற்களை அவர்களிடமிருந்தே கேட்டுத் தொகுக்க வேண்டும். அவற்றை வைத்துத் தர அட்டை உருவாக்க வேண்டும். சோதிக்கும் குழுவில் வேதியியலாளருக்கு அருகே பனையேறிக்கும் இருக்கை வேண்டும். அவருக்கு ஊதியமும் வேண்டும்.

அந்த ஏரிக்கரைப் பெரியவர் இன்று இல்லை. அவர் நாவில் இருந்த கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை; அருகிலேயே வளர்ந்து, பொருளாதாரம் படித்த நானும் எழுதவில்லை. மரம் ஏறும் சிலர் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் ஒரு குறிப்பேட்டுடன் அவர்களிடம் போவதாக இருக்கிறேன்.