பாதியில் விட்ட வேலையை கம்ப்யூட்டர் மறக்காதது எப்படி? யார் இந்த டென்னிஸ் ரிச்சி?

போனில் பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். நடுவில் வாட்ஸ்அப் திறந்து பதில் போடுவோம், பாட்டு நிற்காது. உள்ளே இருக்கும் பிராசஸர் இந்த வேலைகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறது. ஒன்றை நிறுத்தும்போது, எந்த இடத்தில் விட்டோம், கையில் என்னென்ன எண்கள் இருந்தன என்று குறித்து வைத்துவிட்டு அடுத்ததுக்குத் தாவுகிறது. இப்படி ஓடும் ஒவ்வொரு வேலையையும் இப்போது ‘த்ரெட்’ என்கிறார்கள்.

அந்தக் குறிப்பில் சின்னப் பிசகு வந்தாலும் ஆப் மொத்தமும் காலி. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு பிராசஸரும் வேறு மாதிரி. ஒன்றுக்கு எழுதிய குறிப்பு இன்னொன்றுக்குப் புரியாது. 1970-களில் இந்த இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்தவர்களில் முக்கியமானவர், சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி.

பட்டம் வாங்காத ஹார்வர்டு மாணவர்

1941 செப்டம்பர் 9-ம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் பிராங்க்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார் ரிச்சி. அப்பா பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஹார்வர்டில் இயற்பியல் படித்த ரிச்சி, பிறகு கணிதப் பக்கம் போனார். 1968-ல் ஆய்வேட்டை எழுதியும் முடித்துவிட்டார். ஆனால் பைண்ட் செய்த பிரதியை முறைப்படி கொடுக்கவே இல்லை. அதனால் பிஎச்.டி. பட்டமும் வரவில்லை! அதற்குள் 1967-லேயே அப்பா இருந்த பெல் லேப்ஸில் சேர்ந்திருந்தார்.

அங்கே 1969-ல் கென் தாம்சன் தொடங்கிய யூனிக்ஸ் சிஸ்டத்தில் ரிச்சியும் கைகோத்தார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட சிஸ்டங்களைப் பெரும்பாலும் அந்தந்த மெஷினுக்கே உரிய மொழியில்தான் எழுதுவார்கள். மெஷின் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. ரிச்சியின் சி மொழி வந்ததும், 1973-ல் யூனிக்ஸின் மையப் பகுதி சி-யில் திருப்பி எழுதப்பட்டது.

வம்பில் மாட்டிவிட்ட ஒரு வரி

1975-ல் வந்த ஆறாவது பதிப்பில், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் ஒரு குறிப்பு இருந்தது. இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரே ஒரு வரி. ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் யூனிக்ஸை விளக்கி எழுதிய புத்தகம் ஜெராக்ஸ் காப்பியாக உலகம் சுற்றியது. கூடவே இந்த வரியும் புகழ்பெற்றது. என்ன திமிர் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

உண்மை வேறு. 1977-ல் ரிச்சியும் ஸ்டீவ் ஜான்சனும் யூனிக்ஸை 16 பிட் பிடிபி-11 மெஷினிலிருந்து, 32 பிட் இன்டர்டேட்டா 8/32 மெஷினுக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அந்த இடம் சரிப்பட்டு வரவில்லை.

காரணத்தை இப்படிப் பார்க்கலாம். வீடு காலி செய்யும்போது சாமானை ஒருவர் கட்டுகிறார், புது வீட்டில் வேறொருவர் பிரிக்கிறார். எல்லாரும் ஒரே மாதிரி கட்டினால் யார் பிரித்தாலும் பிரச்சினை இல்லை. பிடிபி-11-ல் நடந்தது அதுதான். நிலையைச் சேமித்தது ஒரு ஃபங்ஷன், அதை வைத்துத் திரும்பியது வேறொரு ஃபங்ஷன். அந்த மெஷினில் எல்லா ஃபங்ஷனும் ஒரே முறையில் சேமித்ததால் வண்டி ஓடியது. இன்டர்டேட்டாவில் ஒவ்வொரு ஃபங்ஷனும் தனக்குத் தேவையான ரிஜிஸ்டர்களை மட்டுமே கட்டி வைத்தது. பிரிக்க வேண்டியவர் மாறினால் அவ்வளவுதான்.

தேர்வுக்கு இது வராது என்கிற அர்த்தத்தில்தான் அப்படி எழுதினோம் என்று பின்னாளில் விளக்கம் சொன்னார் ரிச்சி. அதோடு நிற்கவில்லை. அங்கே என்ன நடக்கிறது என்பது அப்போது தங்களுக்கே புரியவில்லை என்பதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். சி மொழியைக் கண்டுபிடித்தவரே இப்படிச் சொல்வது பெரிய விஷயம்தான்.

எப்படிச் சரிசெய்தார்கள்?

கட்டியவரே பிரிக்க வேண்டும் என்று முறையை மாற்றினார்கள். நிலையைச் சேமித்த அதே இடத்துக்கே திரும்பி வர வேண்டும். இது முதல் தடவையா, மறுபடி வந்ததா என்பதை, அங்கே கிடைக்கும் எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். 1979-ல் வந்த ஏழாவது பதிப்பில், சி எழுதுபவர்களுக்கும் இதே பாணியில் ‘செட்ஜம்ப்’, ‘லாங்ஜம்ப்’ என்ற ஜோடி கிடைத்தது. புரோகிராம் எழுதுபவர் ஒரு பெட்டியை மட்டும் கொடுப்பார். அதற்குள் எந்த ரிஜிஸ்டர், எத்தனை என்பது அந்தந்த மெஷின் பாடு. வெளியே பெயர் எங்கேயும் ஒன்றுதான்.

ஆண்ட்ராய்டு போனுக்குள் இருக்கும் லினக்ஸிலும் இதே பிரிவினை உண்டு. த்ரெட்டைப் பற்றிய பொதுவான விவரம் ஒரு பக்கம், ஏஆர்எம், இன்டெல் என்று ஒவ்வொரு பிராசஸருக்கும் உரிய பகுதி தனித்தனி ஃபோல்டரில்.

1983-ல் தாம்சனுடன் சேர்ந்து டூரிங் விருது வாங்கினார் ரிச்சி. 2011 அக்டோபர் 12-ம் தேதி, நியூஜெர்சியில் தனியாக வசித்த வீட்டில் அவர் இறந்து கிடந்தது தெரியவந்தது. வயது 70. ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பெல் லேப்ஸில் கூட வேலை பார்த்த ராப் பைக் இணையத்தில் போட்ட பதிவு மூலம்தான் பலருக்கும் இந்தச் செய்தி தெரிந்தது.