சுமை இறக்கிய சோலன்

கி.மு. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில், கிரேக்க நகர அரசுகளுள் ஒன்றாகிய ஏதென்சு இரண்டுபட்டுக் கிடந்தது. விளைநிலங்களில் பெரும்பகுதி சில செல்வர் கையில் இருந்தது. தம் உடலையே ஈடாக வைத்துக் கடன் பெற்ற உழவர், அதனைத் தீர்க்க இயலாது அடிமைகளாயினர். பலர் அயல்நாடுகளில் விற்கப்பட்டனர்.

இந்நிலையில் கி.மு. 594இல் தலைமை ஆட்சியாளர் பொறுப்பேற்றவர் சோலன். உயர்குடியிற் பிறந்தவர், கவிஞர். சலாமிசு தீவுக்காக ஏதென்சு மக்களைத் தம் பாட்டால் தட்டியெழுப்பியவர்.

உழவரின் கடன்களை அவர் நீக்கினார். உடலை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்தலைத் தடை செய்தார். விற்கப்பட்டோர் பலரை மீட்டு வந்தார். இதனைக் கிரேக்கர் 'சுமையுதறல்' என்றனர். உயர்பதவிக்குரிய தகுதி பிறப்பன்று, விளைச்சலின் அளவே என வகுத்து, குடிமக்களை நான்கு பிரிவினராக்கினார். வறியோரும் மக்கள் மன்றத்தில் இடம்பெற்றனர்.

ஆயினும் இருசாராரும் மனநிறைவு கொள்ளவில்லை. கொடுத்த கடன் போயிற்றே எனச் செல்வர் வெகுண்டனர். நிலத்தைப் பங்கிடவில்லையே என வறியோர் குறைகூறினர். விரும்பியிருப்பின் சோலன் தனியாட்சியாளர் ஆகியிருக்கலாம். அவரோ அதனை மறுத்து, பத்தாண்டுகள் நாடு நீங்கி, எகிப்து, சைப்ரசு முதலிய இடங்களுக்குச் சென்றார்.

கி.மு. 561இல் பிசிசுட்ரேட்டசு தனியாட்சியைக் கைப்பற்ற முனைந்தபோது, முதுமையிலும் சோலன் எதிர்த்துரைத்தார். கேட்பார் இல்லை. பிற அடிமைகளின் தளையை அவர் சட்டமும் அறுக்கவில்லை. எனினும், கடனுக்காகக் குடிமகனின் உடலை ஈடுகொள்ளும் கொடுமை ஏதென்சில் மீண்டும் தலைதூக்கவில்லை. கைக்கெட்டிய அரியணையைத் துறந்தவர் நாட்டிய அறம், அரியணை ஏறியவர் ஆட்சியைக் கடந்தும் நின்றது.